ஆயுத பூஜை வரிசையில் ஒரு விளக்குமாறு

காஸ்டிக் சோடா ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று மணிவேலின் கையில் கொடுக்கப்பட்ட முதல் கருவி ஒரு விளக்குமாறு. நீளமான மூங்கில் காம்பு, நுனியில் காய்ந்த தென்னை ஈர்க்கு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் மடியாமல் வைத்துக்கொண்டு போனவனுக்கு முகம் சுண்டிப்போனது. கூட்டுகிற வேலைக்கா இத்தனை பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று நினைத்தான்.

கூட்டுவதற்கு இல்லை அது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கும்போது ஹைட்ரஜன் வாயுவும் கூடவே வரும். அது பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. புகை கிடையாது, நாற்றம் கிடையாது, பக்கத்தில் போகிற வரைக்கும் சூடுகூட அவ்வளவாக அடிக்காது. நடந்து போகிறவன் நெருப்புக்குள்ளேயே நடந்துவிடலாம். அதனால் குழாய்ப் பக்கம் போகிற ஆள் விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு போவான். ஈர்க்கு தானாகப் பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று பொருள். அந்த ஆலையில் மற்ற கருவிகளும் இருந்தன. இருந்தாலும் விளக்குமாற்றை யாரும் கைவிடவில்லை.

இந்தச் சங்கதி அவன் ஊரான கருக்களாச்சேரிக்கு வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் அவர்கள் கொண்டுவருவதை விற்கிறவர்கள். அந்த ஊரில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாதவன் மணிவேல். அப்பாவோடு மூன்று தடவை போய், மூன்று தடவையும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துத் திரும்பினான். அப்போதே ஊர் அவனை ஓரமாக வைத்துவிட்டது. இப்போது பெயரும் வைத்தது, வெளக்கமாத்து வேலு என்று. மாமன் மச்சான் முறைக்காரர்கள் கூப்பிட்டால் சிரித்துவிட்டுப் போவான். மற்றவர்கள் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி போவான்.

சுனாமிக்குப் பிறகு ஊருக்கு வராத பொருள் இல்லை. ஒழுகுகிற ஃபைபர் படகு வந்தது, ஊசி இல்லாத தையல் மிஷின் வந்தது, குளிர் தேசத்துக் கம்பளிகூட வந்தது. எல்லாம் வந்து ஓய்ந்த பிறகு, இரண்டாயிரத்து எட்டாம் வருஷத் தொடக்கத்தில், ஓர் அறக்கட்டளை கடற்கரையில் ஒரு கொட்டகை போட்டது. கூரை மேல் சூரியத் தகடுகள். உள்ளே, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிற ஒரு பெட்டி. வெளியே வாயுவைச் சேர்த்து வைக்க ஒரு தொட்டி. பகலெல்லாம் வெயிலில் வாயு சேரும். பொழுது சாய்ந்ததும் அந்த வாயுவில் ஒரு சின்ன எஞ்சின் ஓடும். எஞ்சின் ஐஸ் பெட்டியை ஓட்டும். விடியற்காலை மீன் வரும்போது ஐஸ் தயாராக இருக்கும்.

அறக்கட்டளையின் பொறியாளர் புகழேந்தி, இந்த வாயுவோடு பழகிய ஓர் ஆளை உள்ளூரிலேயே தேடினார். மணிவேல் ஆலை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். வந்ததற்கு ஒரு காரணம் அவன் வீட்டிலேயே இருந்தது. மனைவி பூங்கொடி மீன் விற்கிறவள். காரைக்கால் ஐஸ் கம்பெனி வண்டி வருகிற நேரத்தைப் பார்த்துத்தான் அவள் மீனுக்கு விலை. வண்டி பிந்தினால் வஞ்சிரமும் மத்தி விலைக்குப் போகும். கொட்டகை ஐஸ் வந்த பிறகு அவளும் இன்னும் சில பெண்களும் மத்தியானம் வரைக்கும் நின்று பேரம் பேசினார்கள்.

மணிவேலுக்கு வேறு ஒரு நினைப்பும் இருந்தது. ஆலையில் ஹைட்ரஜன் எடுத்த மின்சாரம் நெய்வேலியிலிருந்தோ எங்கிருந்தோ நிலக்கரியை எரித்து வந்தது. எடுத்த வாயுவில் பாதியை ஆகாயத்தில் விட்டார்கள். இங்கே கரி இல்லை, டீசல் இல்லை. வெயிலும் தண்ணீரும்தான். எஞ்சினின் புகைக்குழாயில் கரும்புகைக்குப் பதில் ஆவி வந்தது. ஆறினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அதை ஒரு நாள் பூங்கொடியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் விரலில் ஏந்திப் பார்த்தாள்.

"தண்ணிய ஊத்தி தண்ணியவே புடிக்கிறீங்க. நடுவுல என்னத்துக்குங்க இவ்வளவு பெரிய கொட்டாய்?"

"நடுவுலதான்டி ஒனக்கு ஐஸ் வருது."

"அப்ப சரி. தண்ணி எங்க போனா எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு அவள் ஐஸை அள்ளிக்கொண்டு போனாள்.

இதெல்லாம் வெள்ளோட்டம்தான். புரட்டாசி முடிவதற்குள் ஊர்ப் பஞ்சாயத்து கொட்டகையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிப் பூவம் என்கிற ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே ஒரு பால் சங்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. புகழேந்தி இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கொட்டகை போனால் பூங்கொடிக்கு ஐஸ் போகும். மணிவேலுக்கு வேலை போகும். ஆலையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

ஊர் தயங்கியதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல. கருக்களாச்சேரியில் ஒரு பொருள் ஊர்ப் பொருளாக ஆவதற்கு ஒரு முறை உண்டு. ஆயுத பூஜை அன்று படகு, வலை, எஞ்சின், துடுப்பு, தராசு எல்லாம் கோயில் முன்னால் வரிசை கட்டும். தூக்க முடியாததற்கு அது நிற்கிற இடத்திலேயே பூஜை. தலைவர் முன்னின்று கற்பூரம் காட்டினால் அது அன்றிலிருந்து ஊருடையது. அதில் யாரும் கல்லெறிய மாட்டார்கள், திருட மாட்டார்கள், கெட்டுப்போனால் ஊரே வரி போட்டுச் சரிசெய்யும். தீபம் காட்டாத பொருள் அந்நியப் பொருள். தையல் மிஷின்களுக்கு யாரும் தீபம் காட்டவில்லை. அவை துருப்பிடித்துப் போனபோது யாரும் கவலைப்படவும் இல்லை.

பூஜைக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது ஏலக்கொட்டகையில் பேச்சு எடுத்தார்கள். தலைவர் தர்மலிங்கம் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் செல்லையன். ஊரில் படகுகளுக்குப் பூஜை போடுகிறவன் அவன்தான். பூங்கொடிக்கு உடன்பிறந்த அண்ணனும் அவன்தான்.

"ஏம்ப்பா மணிவேலு, தீபம் காட்டாத படகக் கடல்ல எறக்குவமா?" என்றார் தர்மலிங்கம்.

"எறக்க மாட்டோம் தலைவரே."

"அப்ப ஒன் மெஷினு மட்டும் என்ன, மேலெடத்துப் புள்ளையா? கற்பூரம் வேணாங்கறியாமே."

"பூ போடுங்க, சந்தனம் வைங்க, பூசணிக்காய்கூட ஒடைங்க. நெருப்பு மட்டும் வேணாங்க. அது ஹைட்ரஜன். கொஞ்சம் கசிஞ்சாலும் புடிச்சுக்கும்."

செல்லையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "மாப்ள, சிலிண்டர் வச்சிருக்கற வூட்டுலயும் கார்த்திகைக்கு வெளக்கு வைக்கிறாங்க. கற்பூரத்தப் பாத்துப் பயப்புடுறவனை இப்பத்தான் பாக்குறேன். கடலயும் பாத்தாப் பயம், கற்பூரத்தப் பாத்தாலும் பயம். எதப் பாத்துதான்யா தைரியம் வரும் ஒனக்கு?"

"வெளக்கமாத்தப் பாத்தா வரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. மணிவேலும் சிரித்து வைத்தான்.

"சிலிண்டர்ல வர்ற கேஸ் எரிஞ்சா நீலமாத் தெரியும் மச்சான். நாத்தமும் அடிக்கும். இது எதுவும் காட்டாது."

"எதுவும் காட்டாததுக்குத்தான் நாம காட்டணுங்கறேன்" என்றான் செல்லையன்.

தர்மலிங்கம் கையை உயர்த்தினார். அவர் எந்தப் பஞ்சாயத்திலும் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறவர். "தீபம் இல்லாம ஊர்ல சேக்க முடியாதுப்பா. சேத்தா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க. நீயும் பொறுப்பான ஆளு, சும்மா சொல்ல மாட்ட. எவ்வளவு தூரத்துல நெருப்பு நின்னா ஒனக்குச் சம்மதம்?"

மணிவேல் யோசித்தான். கற்பூரம் வேலிக்கு வெளியே, கடல் பக்கமாக நிற்க வேண்டும். பகலில் காற்று கடலிலிருந்து அடிக்கும், வாயு அந்தப் பக்கம் போகாது. "நான் சுண்ணாம்புல கோடு போட்டு வைக்கிறேன். கோட்டத் தாண்டி வராம காட்டுங்க."

"செல்லையா?"

"தாண்டலீங்க. கோடு போட்டா கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிப்பேன். எனக்கென்ன, சாமிக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் பூங்கொடி கேட்டாள். "எங்கண்ணன் ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிட்டாரு."

"ஒடனேயா?"

"ஒடனேதான்."

அவள் மீன் செதில் உரசுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "எங்கண்ணன் எதுக்கும் ஒடனே ஒத்துக்காது. கோட்ட நல்லாத் தூரமாப் போடுங்க."

பூஜைக்கு முதல் நாளே ஊரில் வேலை நின்றது. கருவிகளைக் கழுவித் துடைத்து ஓய்வு கொடுக்க வேண்டும், பூஜை முடிகிற வரைக்கும் எதையும் ஓட்டக் கூடாது. மணிவேலும் ஐஸ் பெட்டியைக் காலி செய்து கழுவினான். எஞ்சினைத் துணியால் துடைத்துச் சந்தனம் வைத்தான். அன்று மாலை அதை ஓட்டவில்லை. ஊர் முறைப்படி எல்லாம் சரியாகச் செய்தான். ஒன்றை மட்டும் நினைக்கவில்லை. எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கலாம், சூரியனுக்கு யார் ஓய்வு கொடுப்பது? மறுநாள் காலையிலிருந்து வெயில் கொளுத்தியது. தகடுகள் பாட்டுக்கு மின்சாரம் கொடுத்தன, பெட்டி பாட்டுக்குத் தண்ணீரைப் பிரித்தது. முதல் நாள் வாயுவே செலவாகாமல் இருந்த தொட்டியில் இரண்டாம் நாள் வாயுவும் சேர்ந்தது.

உச்சி வேளைக்கு ஊர் திரண்டது. கோயில் வரிசை முடிந்து, மேளத்தோடு கொட்டகைக்கு வந்தார்கள். வேலிக் கம்பியெல்லாம் மாவிலை. புகழேந்தியும் காரைக்காலிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மணலில் நின்றார். சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தார். கடல் பக்கத்தில் வெள்ளைக் கோடு பளிச்சென்று கிடந்தது. பூங்கொடி சொன்னதைக் கேட்டு மணிவேல் அதை நினைத்ததைவிட இன்னும் கொஞ்சம் தள்ளியே போட்டிருந்தான்.

தர்மலிங்கம் தேங்காய் உடைத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. செல்லையன் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். கால் கோட்டில் படவே இல்லை. ஆனால் கையில் தட்டு இல்லை. ஒரு நீண்ட மூங்கில் கழி இருந்தது, அதன் நுனியில் தட்டு கட்டியிருந்தது.

அது அவனுக்குப் புதிது அல்ல. புதுப் படகைக் கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கும்போது, அணியம் என்கிற அதன் முன்மூக்கு ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். அதற்குத் தீபம் காட்ட, கழியில் தட்டைக் கட்டித்தான் உயர்த்துவார்கள். மூக்குக்குக் காட்டாத தீபம் படகுக்குக் காட்டியதாகாது. இந்தக் கொட்டகைக்கு மூக்கு எது என்று செல்லையன் இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்து வைத்திருந்தான். கூரைக்கு மேலே சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் மூக்கு என்று முடிவு செய்தான். ஒரு வகையில் சரிதான். தொட்டி நிரம்பினால் மிச்ச வாயு மூச்சு விடுகிற குழாய் அது.

கற்பூரம் கொளுந்துவிட்டது. கழி எழுந்தது, வேலியைத் தாண்டியது, கூரையைத் தாண்டியது.

"மச்சான்! கழிய எறக்குங்க!" மணிவேல் கத்தினான். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

டப்பென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, சைக்கிள் டியூப் வெடித்த மாதிரி. கற்பூரம் அணைந்து, தட்டு காலியாக ஆடியது. மேளம் நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். குழாய் இருந்தபடியே இருந்தது. மேலே நீல வானம். வேறு ஒன்றும் இல்லை.

"காத்துல அணஞ்சு போச்சு" என்றான் செல்லையன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முதல் தீபம் அணைவது நல்லதற்கில்லை. தர்மலிங்கத்தின் முகம் மாறியது. செல்லையனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அவன் கழியைப் போட்டான், கற்பூரப் பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டான், கோட்டைத் தாண்டினான், வேலிக்கதவைத் தள்ளினான், கூரைக்குப் போகிற இரும்பு ஏணியில் கால் வைத்தான். பக்கத்தில் போய்க் கையாலேயே ஏற்றிக் காட்டிவிடுவது என்று ஏறினான்.

மணிவேலுக்கு அப்போதுதான் அந்தச் சீறல் கேட்டது. மெல்லிய சீறல். தொட்டி நிரம்பி வழிகிறது. நேற்று எஞ்சினை ஓட்டவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் அவன் மண்டையில் உறைத்தது. குழாயின் வாயில் தீ நிற்கிறது, ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல். செல்லையன் அதற்குள் முகத்தைக் கொண்டுபோகப் போகிறான்.

"சார், தகட்டு சுவிட்ச அணைங்க!" என்று புகழேந்தியைப் பார்த்துக் கத்திவிட்டு, கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்ததை எடுத்தான். ஏணியில் செல்லையனுக்குப் பின்னாலேயே ஏறி, அவன் தோளுக்கு மேலாக, அவன் மூக்குக்கு நேராக விளக்குமாற்றை நீட்டினான்.

கூட்டம் ஓவென்று கத்தியது. ஆயுத பூஜை அன்று, சாமி முன்னால், ஊர் முன்னால், பெண்டாட்டியின் அண்ணன் முகத்தில் விளக்குமாறு. கருக்களாச்சேரியில் அதைவிடப் பெரிய அவமானம் எதுவும் கிடையாது. கொலை விழுந்திருக்கலாம். "அடிடா அவன!" என்று யாரோ கத்தினார்கள். பூங்கொடி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

செல்லையன் திரும்பினான். வாயில் பொட்டலம் இருந்ததால் வசவு வரவில்லை. கையை ஓங்கினான்.

"என்ன அப்பறம் அடிங்க மச்சான். மொதல்ல இதப் பாருங்க."

விளக்குமாற்றை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினான். வெறும் ஆகாயத்தில், எதுவும் இல்லாத இடத்தில், ஈர்க்கு நுனிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பிறகு மொத்தமாகப் பற்றிக்கொண்டது. மஞ்சளாக, புகையோடு, எல்லோரும் பார்க்கிற நெருப்பு.

செல்லையன் ஓங்கிய கையைக் கீழே இறக்கினான். கீழ்ப்படியில் நின்ற மணிவேல் முதலில் இறங்க, அவனும் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். வாயிலிருந்த பொட்டலம் நனைந்துபோயிருந்தது.

அதற்குள் புகழேந்தி சுவிட்சை அணைத்திருந்தார். மணிவேல் வால்வை மூடினான். சீறல் தேய்ந்து நின்றது. தீ குழாய்க்குள் இறங்காமல் தடுக்க உள்ளே ஒரு கம்பிச் சல்லடை இருந்தது, அது தன் வேலையைச் செய்திருந்தது. எரிந்த விளக்குமாற்றை மணலில் குத்தி அணைத்துவிட்டு, பாதிக் காம்போடு இன்னொரு தடவை ஏறிப் பார்த்தான். எதுவும் பற்றவில்லை.

இறங்கி வந்தவன் தலைவரிடம் நேராகப் போனான். "என் தப்பும் இருக்குங்க. நேத்து எஞ்சின ஓட்டியிருக்கணும், இல்ல தகட்ட மூடியிருக்கணும். ரெண்டும் செய்யல."

தர்மலிங்கம் இன்னும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புகழேந்தி, பஞ்சாயத்து கையெழுத்துப் போட வேண்டிய ஒப்பந்தத்தோடு நின்றார், இனிமேல் அதை நீட்டுவதா மடிப்பதா என்று தெரியாமல். பூவத்துப் பால் சங்கம் அவர் மனதில் வந்திருக்க வேண்டும். மணிவேல் மனதில் வந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க தலைவரே?" என்று ஒருவன் கேட்டான். "ஆபத்தான சாமானா இருக்கே."

"கடல் மட்டும் ஆபத்து இல்லையாடா?" என்றார் தர்மலிங்கம். பிறகு தொண்டையைச் செருமினார். "நாம தீபம் காட்டுனோம். அது வாங்கிக்கிச்சு. வாங்கிக்கிட்டு, மணிவேலு கையால நமக்கும் காட்டிடிச்சு. ஊரே பாத்துச்சு. இனிமே அதுக்கு நாம நெருப்பு காட்ட வேண்டியதில்ல. பூ போதும்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசுவதாக இருந்தால் செல்லையன்தான் பேசியிருக்க வேண்டும். அவன் முன்கையில் பொசுங்கிப்போன ரோமத்தைத் தடவிக்கொண்டு நின்றான். அன்று சாயங்காலமே பஞ்சாயத்தார் கையெழுத்துப் போட்டார்கள். எஞ்சின் ஓடியது. மறுநாள் ஐஸ் இருந்தது.

மழைக்காலத்துக்குள் புகழேந்தி குழாயை இன்னும் உயரமாக்கித் தந்தார். தொட்டி நிரம்பினால் தகடுகள் தானாக நிற்கிற மாதிரி ஓர் ஏற்பாடும் செய்தார். செல்லையன் தீபாவளி வரைக்கும் தங்கை வீட்டுப் படி ஏறவில்லை. தீபாவளிக்கு வந்தான். பூங்கொடி போட்ட கறிச்சோற்றைத் தின்றுவிட்டு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மாப்ள" என்றான்.

"சொன்னேன் மச்சான். மேளம் அடிச்சாங்க."

"ம்" என்றான் செல்லையன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மணிவேல் முதல் நாளே தகடுகளைப் படுதா போட்டு மூடினான். எஞ்சினை மட்டும் தொட்டியில் வாயு தீர்கிற வரைக்கும் ஓட்டிவிட்டுத்தான் கழுவினான். ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. காலையில் கோயில் முன்னால் வரிசை கட்டினார்கள். வலை, துடுப்பு, தராசு. படகும் வலையும் இல்லாத மணிவேல் எப்போதும் போல ஓரமாக நின்றான். செல்லையன் வரிசையை மேலும் கீழும் பார்த்தான், கொட்டகைப் பக்கம் நடந்தான், புது விளக்குமாற்றோடு திரும்பி வந்தான். துடுப்புக்கும் தராசுக்கும் நடுவில் அதைப் படுக்கவைத்து, காம்பில் சந்தனத்தை அப்பினான். ஒரு கிழவர் "என்னடா இது கண்றாவி" என்றார். செல்லையன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொட்டகையில் பூ மட்டும்தான் போட்டார்கள். கோட்டை அந்த வருஷம் செல்லையனே போட்டான். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பங்காளி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றபடி வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தான். செல்லையன் பாய்ந்துபோய்ப் பீடியைத் தட்டிவிட்டான்.

"நான் கோட்டுக்கு இந்தப் பக்கந்தானே நிக்கிறேன்?"

"கோடு தரையில மட்டும் இல்லடா" என்றான் செல்லையன். "மேலயும் போவுது."